கடைசி ஆலா உட்காரும்வரை

வனத்துறை அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. கொக்கி என்பார்கள். மாட்டினால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். பறவை முட்டை திருடுகிறவன் எவனாவது தப்பி ஓடினால் துரத்தமாட்டாள். அவன் வீட்டு வாசலில் போய் நிற்பாள். கத்தமாட்டாள், திட்டமாட்டாள். நிற்பாள், அவ்வளவுதான். உள்ளே இருப்பவனுக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவள், தம்பி செத்த விசாரணையில் மட்டும் வாயடைத்துப் போனாள்.

தம்பி வயரிங் வேலைக்காரன். அக்கரையில்தான் வேலை. ஆற்றில் அவன் இறங்கும் இடத்தில் எப்போதும் முழங்கால் தண்ணீர்தான் என்பதால் சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்தே கடந்துவிடுவான். அக்காவும் தம்பியும் பள்ளிக்கூடத்துக்குப் போன தடம் அது. ஒரு நாள் விடிந்தபோது அந்தத் தடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி இருந்தது. ஆற்று மணலைக் குத்தகை எடுத்திருந்த மணல்காரனின் இயந்திரம் இரவோடு இரவாக அள்ளிவிட்டுப் போயிருந்தது. மேலே தண்ணீர் எப்போதும்போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தம்பியைச் சைக்கிளோடு சேர்த்துத்தான் தூக்கினார்கள்.

"அது ஆறே பறிச்ச குழிங்க. பையன் குடிச்சிருந்தான்னு ஊரே சொல்லுது" என்றான் மணல்காரன் விசாரணையில். ஊர் அதுவரை அப்படிச் சொல்லியிருக்கவில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தது. தம்பி மனைவி கடைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால், "குடிகாரன் பொண்டாட்டி" என்று கேட்கும். அவள் வாங்கவேண்டியதை வாங்காமல் திரும்பிவிடுவாள்.

இரண்டு பொய். இரண்டையும் அவன் வாயாலேயே திரும்ப வாங்கவேண்டும் என்று கொக்கி கங்கணம் கட்டிக்கொண்டாள். அவன் சாகவேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. செத்தவன் எப்படிப் பேசுவான்?

ஆற்று ஆலாப் பறவைகள் கூட்டமாகத்தான் முட்டையிடும். வெறும் மணலில் சின்னதாய்ப் பள்ளம் பறித்து உட்காரும். ஏற்கெனவே நாலு பறவை உட்கார்ந்திருந்தால்தான் புதிதாக வருவதற்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வரும். அதனால் வனத்துறையில் மரத்தில் ஆலா பொம்மைகள் செய்து வைப்பார்கள். அந்த வருடம் ஆற்றின் மேல்பக்க மணல்திட்டில் வைக்கவேண்டிய பொம்மைகளுக்குக் கொக்கிதான் வர்ணம் பூசினாள். கறுப்புத் தலை, மஞ்சள் அலகு. பூசி முடித்துச் சுமந்துபோய், மணல்காரன் அடுத்து அள்ளுவதற்குக் குறித்து வைத்திருந்த திட்டில், குழிக்குப் பக்கத்திலேயே நட்டுவைத்தாள். திட்டு நல்ல திட்டுதான். பறவைக்குத் துரோகம் செய்ய அவளுக்கு மனம் வராது.

ஆலாக்கள் வந்தன. முட்டையிட்டன. குஞ்சு பறக்கும்வரை அங்கே மண்வெட்டிகூட வைக்கக்கூடாது என்பது சட்டம்.

ரேஞ்சர் வந்து பார்த்தார். "மேல்திட்டுக்குச் செஞ்ச பொம்மை இங்க எப்படிம்மா வந்துச்சு?"

"ஆத்துல அடிச்சுக்கிட்டு வந்திருக்கும் சார்."

"வந்து, வரிசையா நின்னுக்கிச்சா?"

"நல்லா வளர்த்த பொம்மை சார்."

ரேஞ்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தடை உத்தரவு போட்டார்.

அவள் யோசிக்காதது ஒன்று நடந்தது. குழியின் ஓரம் சரிந்து சரிந்து திட்டைத் தின்ன ஆரம்பித்தது. ஒரு கூடு முட்டையோடு உள்ளே போயிற்று. அன்று பகல் முழுக்க அந்தத் தாய்ப்பறவை குழித் தண்ணீருக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. இருட்டியதும் கொக்கி ரேஞ்சரிடம் போனாள். ரேஞ்சர் மணல்காரனை வரவழைத்து, ஆற்றங்கரையில் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"குழி உங்களோடதுன்னா நீங்களே மூடிடுங்க. திட்டு நிக்கும், கீழ்ப்பக்கம் நீங்க வேலை பார்க்கலாம். உங்களோடது இல்லைன்னா, குழி பறிக்கிற ஆறுன்னு முழு ஆத்தையும் மூடிடறேன்."

மணல்காரன் கொக்கியைப் பார்த்தான். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னுதுதான்" என்றான் காலைப் பார்த்தபடி.

ஒன்று.

இயந்திரம் ஓட்டுகிறவன் கேஸுக்குப் பயந்து ஊரைவிட்டே போயிருந்தான். அதனால் மணல்காரனே ஏறி உட்காரவேண்டியதாயிற்று. இந்தப் பக்கம் கூடுகள் என்பதால் அக்கரைப் பக்கமிருந்துதான் குழியை மூடவேண்டும். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற கொக்கி கையில் பச்சைக் கொடி. ஒரு பறவை எழுந்தாலும் கொடி இறங்கும், இன்ஜின் நிற்கவேண்டும். கடைசி ஆலா திரும்ப உட்கார்ந்த பிறகுதான் கொடி ஏறும். ராத்திரியில் யாரையும் கேட்காமல் ஆற்றை அள்ளியவன், பட்டப்பகலில் ஒரு வாளி மண் கொட்டுவதற்குக் குருவியின் உத்தரவுக்காகக் காத்துக் கிடந்தான். தகரக் கூண்டுக்குள் வெந்தான்.

தம்பி மனைவியையும் கொக்கி கூட்டிவந்திருந்தாள். "நான் எதுக்கு அண்ணி?" என்று கேட்டதற்கு, "சும்மா வா. வேடிக்கை பாரு" என்றாள்.

குழி பாதி நிரம்பியபோது பறவைகள் எழுந்தன. கொடி இறங்கியது. எல்லாம் உட்கார்ந்தன. கொடி ஏறவில்லை.

மணல்காரன் தலையை நீட்டினான். "ஏம்மா, எல்லாம் உக்காந்துருச்சே!"

"அப்படியா? எனக்கு ஒண்ணு குறையுது முதலாளி."

"எது?"

"என் தம்பி குடிச்சிருந்தானா?"

நிறுத்திவைப்பதால் பறவைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் அவளால் நிற்கமுடியும். அது அவனுக்கும் தெரியும். அவன் வேர்வையை வழித்தான். கீழ்ப்பக்கம் சும்மா கிடக்கும் தன் லாரிகளைப் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

கொக்கி திரும்பிப் பார்த்தாள். தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தாள் கொக்கி. அவள் அழவில்லை. கையை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"சத்தமாச் சொல்லச் சொல்லுங்க அண்ணி. இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

இன்ஜின் நின்று வெகுநேரமாகியிருந்தது.

கரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணல்காரன் கூண்டைவிட்டு இறங்கி நின்று, எதிர்க்கரைக்கும் கேட்கும்படி கத்தினான். "அந்தப் பையன் குடிக்கல! போதுமா?"

அந்தக் கத்தலில் திட்டிலிருந்த ஆலாக்கள் மொத்தமும் எழுந்துவிட்டன.

கொக்கி கொடியை இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். "இப்படிக் கத்தினா எப்படி முதலாளி? உக்காருங்க. அதுங்க உக்காரட்டும்."