சூலம் பிடித்த பென்னி

புளியும் செம்பும் கலந்த வாசனை... விரலை முகர்ந்தால் இன்னும் வருவது போலவே இருக்கிறது.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. பக்கத்து பெஞ்ச் சந்தியாவும் நானும் பழைய இங்கிலாந்துக் காசு சேர்த்தோம். சங்கராபுரத்தில் அவள் அப்பாவுக்குப் பழைய பித்தளைக் கடை. கடைக்கு வரும் சாமான் மூட்டையில் கிடைக்கும் காசுகளை ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு வைப்பாள். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்ட். ஏன் பத்து பத்தாக வைக்கவில்லை? இருவருக்கும் கடைசிவரை புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவளுடைய பென்னி ஒன்றை நோட்டில் வரைவதற்காக வாங்கி வந்தேன். பத்து ரூபாய்க் காசைவிடப் பெரியது, நல்ல பழுப்பு. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் கேடயமும் சூலமுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

அம்மா பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது, சூலம் புடிச்சிக்கினு அம்மன் குந்திக்கினு கீது!"

"அம்மனில்லம்மா. அது பேரு பிரிட்டானியா. இங்கிலாந்துக்காரங்க."

"எந்த ஊரா இருந்தா இன்னா? சூலம் கீதுல்ல?"

"அப்போ அந்தப் பக்கம் இருக்கிற ராஜா?"

"அவர செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சிக்கலாம்."

நான் குளித்துவிட்டு வருவதற்குள் புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் ஏற்றியாகிவிட்டது. காசு தங்கம் மாதிரி மின்னியது. அழகாகத்தான் இருந்தது... அதுதான் எனக்குக் குழப்பம்.

திங்கட்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல் குங்குமத்தோடு எடுத்துப்போய்க் கொடுத்தேன். சந்தியாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாடி பண்ண? பழைய காச தேச்சா போச்சுன்னு எங்கப்பா சொல்லும். அந்தக் கலரு திரும்ப வராதுடி."

இரண்டு நாள் பேசவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் அவளே வந்து காசை என் டெஸ்க்கில் வைத்தாள்.

"குங்குமம் வெச்சத டப்பால போடக் கூடாதாம், எங்கம்மா சொல்லிச்சு. நீயே வெச்சிக்கோ."

கோபமா, பாசமா? கேட்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கோடை லீவில் அவர்கள் சின்னசேலத்துக்குக் குடிபோய்விட்டார்கள்.

இப்போது நான் பிளஸ் டூ. எந்தக் காசைப் பற்றிக் கேட்டாலும் போன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. அந்த மூன்றாம் நாளைப் பற்றி மட்டும் யாரைக் கேட்பது?

அன்றைக்கே மாடத்துக்குத் திரும்பிய காசு இன்னும் அங்கேதான் இருக்கிறது. குங்குமம் மட்டும் வை, புளி வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சி வைத்திருக்கிறேன். மெல்ல மெல்லப் பழுப்பேறிவிட்டது.

பழைய பழுப்பு இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை... சந்தியா பார்த்தால் சொல்லிவிடுவாள்.