எதைக் காட்டினாலும் பழம்

ஸ்டார்ட்அப் என்பது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, யாருமே கேட்காத ஒரு பொருளை எல்லாருக்கும் விற்கப் புறப்படுகிற தொழில். சொந்தத் தொழில் தொடங்கிவிட்டு, மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கைப்பேசியில் யாரிடமோ பேசுவதுபோல் வாசலுக்கு நழுவுகிற அன்பர்களே, நானும் உங்கள் கூட்டம்தான்.

கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பதினாறு வருடம் இருந்தேன். நாற்பத்திரண்டு வயதில் ஞானம் வந்தது. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையைப் படம் பிடித்தால், அது பழுத்துவிட்டதா இன்னும் காயா என்று சொல்லும் செயலி. காய்க் குலை கலந்து போனால் எண்ணெய் ஆலையில் முகம் சுளிப்பார்கள், தள்ளிவிடுவார்கள். ஆகவே ஊரே எனக்காகக் காத்திருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். செயலிக்கு 'பழம் பார்' என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூட நண்பன் சுகு நிரல் எழுதினான், நான் பேசினேன். பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் அலுவலகம்.

என் மனைவி கவிதா கோல சிலாங்கூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கெடு வைப்பது அவளுக்குக் கைவந்த கலை. நான் வேலையை விட்ட அன்றே சொல்லிவிட்டாள்: "இந்தத் தீபாவளியிலேருந்து அடுத்த தீபாவளி வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒரே ஒருத்தர்கிட்டயாவது கையெழுத்து வாங்கிட்டு வாங்க. இல்லன்னா மறுபடியும் பேங்க்குக்குப் போயிடணும், சொல்லிட்டேன்."

மூன்று பேர்

எங்கள் தொழிலில் அடிக்கடி ஒரு புதுச் சொல் வரும். அந்தச் சொல் முதல் பக்கத்தில் இல்லாவிட்டால் முதலீட்டாளர் இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டார். 'பழம் பார்' முதலில் ப்ளாக்செயினாக இருந்தது. ஒரு மாதம் ட்ரோனாக இருந்தது, எங்களிடம் ட்ரோன் இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. பிறகு ஏஐ ஆயிற்று. உள்ளே இருந்த சரக்கு அதேதான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தோம்.

கோலாலம்பூரில் முதலீட்டாளர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தது. கோட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து போட்டிருந்த ஓர் அம்மையார், இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். ஆப்பிரிக்காவுக்கு? அதுவும் முடியும் என்றேன். இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு 'ஆரம்ப கட்டம்' என்று தொடங்குவதற்குள், பொய் சொல்லத் தெரியாத சுகு பின்னாலிருந்து எழுந்தான்: "மூணு பேரு மேடம். அதுல ரெண்டு பேரு நாங்கதான். மூணாவது இவரு வொய்ஃப்பு, நேத்து அழிச்சிட்டாங்க."

காத்திருக்கவும்

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே என்று செல்வியைப் பிடித்தோம். ஆறாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள், இப்போது அறுவடை ஆட்களை மேய்க்கிற மண்டோர். சிறு தோட்டக்காரர்கள் பலருடைய நிலத்தில் அவளுடைய ஆட்கள்தான் குலை அறுக்கிறார்கள். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை நடந்துகொண்டே ஒரு பார்வை பார்ப்பாள், விரலை நீட்டுவாள், மேலே அரிவாள் வேலை செய்யும். அவ்வளவுதான் அவளுடைய தொழில்நுட்பம்.

நான் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தேன். செம்பனைத் தோட்டத்துக்குள் கைப்பேசிக்கு லைன் எங்கே கிடைக்கிறது? 'காத்திருக்கவும்' என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றி முடிப்பதற்குள் அவளுடைய ஆட்கள் நான்கு மரங்களை முடித்திருந்தார்கள். கடைசியில் 'பழுத்தது' என்று பச்சை விளக்கு எரிந்தபோது, அந்தக் குலை என் காலடியில்தான் கிடந்தது. அன்று முழுக்க செல்வி காட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் செயலி சரியாகவே சொன்னது. எனக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை. அவள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னாள்: "குமாரு, நீ கெட்டிக்காரன்தான்லா. நான் சொன்னதையே கொஞ்ச நேரங்கழிச்சு அதுவும் சொல்லுது."

தலைவரின் தலை

எங்கள் ஒரே நம்பிக்கை சிறு தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம். தலைவர் முனியாண்டி அண்ணன் நல்ல மனிதர், ஆனால் எதையும் சும்மா நம்பமாட்டார். கோப்பிக்கடையில் நான் செயலியைக் காட்டியதும் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார். நாற்காலியில் சாய்ந்து, முடி என்பதே இல்லாத தன் தலையைத் தானே ஒரு படம் பிடித்தார். செயலி யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது. 'பழுத்தது. உடனே அறுக்கவும்.'

கடையே சிரித்தது. இது குலைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தது, மனிதத் தலைக்கு இல்லை அண்ணே என்று நான் விளக்கம் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் சங்கத்துக் கொட்டகையில் எல்லா உறுப்பினர்கள் முன்னாலும் செய்து காட்டச் சொன்னார். சரியாக வந்தால் அங்கேயே கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். எழுந்து போகும்போது தலையைத் தடவிக்கொண்டார்: "நல்லவேள, செல்வி ஆளுங்க அரிவாளோட பக்கத்துல இல்ல."

கலும்பாங் வாழைத்தார்

இடையில் சுகுவின் தங்கை கல்யாணம் கலும்பாங்கில் நடந்தது. பந்திக்கு வந்த வாழைத்தார்களைச் சமையல்கட்டின் சிமெண்டுத் தரையில் அடுக்கியிருந்தார்கள், தோல் கறுக்கும் அளவுக்குக் கனிந்தவை. சொந்தக்காரர் ஒருவர் விளையாட்டாகப் படம் எடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது: 'காய்.' தலையைப் பழம் என்றது, பழத்தைக் காய் என்கிறதே என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் பாயாசம் சாப்பிடப் போனேன். சமையல்காரர் மட்டும் அக்கறையாகக் கேட்டார்: "அப்ப இந்தத் தார அடுத்த வாரக் கல்யாணத்துக்கு எடுத்து வெச்சிரவா தம்பி?"

பத்துக் குலை

கொட்டகையில் நாற்பது பேர் இருந்தார்கள். முனியாண்டி அண்ணன் சிமெண்டுத் தரையில் பத்துக் குலைகளை வரிசையாக வைத்திருந்தார். ஏழு நன்றாகப் பழுத்தவை, மூன்று காய். குழந்தைகூடக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடும். கவிதா சொன்ன கெடுவும் வங்கியின் பழைய நாற்காலியும் கண்முன் வந்து போயின.

முதல் குலைக்குச் சிவப்பு. இரண்டாவதுக்கும் சிவப்பு. பத்துக்கும் சிவப்பு. உறுப்பினர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். சுகு கைப்பேசியை அணைத்துப் போட்டான், மறுபடியும் சிவப்புதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்க இடமில்லாமல் குனிந்து குலையைத் தடவுவதுபோல் நடித்தேன். ஓரமாக நின்ற செல்விதான் வந்து ஒரு குலையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே புல்லில் வைத்தாள். 'பழுத்தது' என்றது. காய்க் குலையைப் புல்லில் வைத்தாள். அதுவும் 'பழுத்தது'. அவள் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னாள்: "குமாரு, இது பழத்தப் பாக்கல. கீழ சிமெண்ட் இருக்கா இல்லையான்னுதான் பாக்குது."

மேல்வரிசை

சுகு உடனே கணினியைத் திறந்து நாங்கள் பயிற்சிக்குக் கொடுத்த படங்களைப் பார்த்தான். மூன்று மாதம் ஆலை வாசலில் நின்று, உள்ளே போகும் எங்கள் பக்கத்து லோரிகளைப் படம் எடுத்திருந்தோம். லோரிமேல் தெரிந்தது எல்லாம் பழம், ஒரு காய்கூட இல்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். காய் என்று கிடைத்தவையோ, உள்ளே கொட்டிய பிறகு ஆலைக்காரர்கள் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் எறிந்தவை மட்டும். ஆகவே செயலி கற்றுக்கொண்டது ஒரே பாடம்: சிமெண்டில் கிடந்தால் காய், வேறு எங்கே இருந்தாலும் பழம்.

"அந்தக் காயெல்லாம் எந்த லோரியில வந்துச்சு?" என்று சுகு வாய் தவறிக் கேட்டான். கொட்டகையில் சிரிப்பு சட்டென்று நின்றது. நல்ல குலைகளை மேலே அடுக்குவதும், காயை நடுவில் புதைப்பதும் எங்கள் பக்கத்தில் லோரி ஏற்றுகிற எல்லாருக்கும் தெரிந்த கைவேலை. என் அப்பாவே லோரி ஏற்றியவர்தான். அந்த மேல்வரிசையை எப்படி அடுக்குவது என்று சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். பார்த்தும் அதையே மூவாயிரம் படம் எடுத்து ஒரு கருவிக்குப் பாடமாக வைத்த என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

உறுப்பினர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார். முனியாண்டி அண்ணன் மட்டும் எழுந்து வந்தார். பிறகு என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்: "தம்பி, செயலி இப்ப வேணாம். ஆனா மூவாயிரம் படத்துல எங்க லோரி மேல ஒரு காய்கூட ஏஐ கண்ணுக்குத் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அத மட்டும் ஒங்க கம்பெனி தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆலையில காட்டணும்."

வீட்டில்

எழுதிக் கொடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, எங்கள் நிறுவனம் எழுதியவற்றில் அப்படிச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். கவிதா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முறுக்கு உரலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, சூடாக இரண்டு முறுக்கை எடுத்துக் கையில் வைத்தாள்: "கையெழுத்து வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா, போட்டுக் குடுத்துட்டு வந்து நிக்கறீங்க. தீபாவளி முடிஞ்ச திங்கக்கெழம பேங்க்குக்குப் போட சட்டைய அயர்ன் பண்ணிட்டேன்."

ஆக அன்பர்களே, செல்வி இப்போது மரத்திலேயே இருக்கும் குலைகளைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள், நான் வங்கியின் மதிய இடைவேளையில் அவற்றைப் பழம் வேறு காய் வேறாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், எங்கள் ஸ்டார்ட்அப்பின் பெயரோ ஆலை வாசலில் நிற்கும் ஒவ்வொரு லோரியிலும், காயை மறைத்த மேல்வரிசைக்குச் சாட்சியாக, பிளாஸ்டிக் உறை போட்ட அந்தத் தாளில் பயணம் செய்கிறது.