வளைவில் நின்றபடி பேசியது

அம்புலன்ஸ் ஆட்களுக்கு வெடிகுண்டுப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்க மாத்தளைக்கு வந்த முதல் நாளே எனக்குச் சண்டை. நான் தாதி. புதிதாகப் பயிற்சி முடித்த திமிரும் கொஞ்சம் இருந்தது.

"ஒன்னு வெடிச்ச இடத்துல இன்னொன்னும் இருக்கலாம். உதவிக்கு ஓடி வர்றவங்களுக்குன்னே வைப்பாங்க. ஆமி தேடி முடிக்கிற வரைக்கும் கிட்டப் போகாதீங்க" என்றேன்.

டிரைவர் பாரூக் நானா எழுந்தார். என்னைவிட எவ்வளவோ மூத்தவர்; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். "மனுசன் ரத்தம் ஓடக் கத்துவான். நாங்க பார்த்துக்கிட்டு நிக்கிறதா? இதச் சொல்லவா மிஸ் வந்தீங்க?"

"நீங்களும் விழுந்துட்டா அவரை யாரு தூக்குறது?" நானும் விடவில்லை. அவர் மனம் ஒப்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கொஞ்ச நாளில் வில்கமுவப் பக்கம் ஒரு டிராக்டர் கண்ணிவெடியில் சிக்கியது. பாரூக் நானாவோடு நானும் போனேன். ஓட்டி வந்த விவசாயி தொடை கிழிந்து வயல் பாதையில் கிடந்தார். ஆமிக்காரர்கள் எங்களைப் பாதை வளைவிலேயே மறித்துவிட்டுத் தேடத் தொடங்கினார்கள். அந்த மனிதர் முனகிய முனகலில் நானா ஓடப் பார்த்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பொத்தானே தெறித்துவிட்டது.

"இங்க இருந்தே பேசுங்க நானா. கத்தியாவது பேசுங்க."

என்னை முறைத்துவிட்டு, சிங்களத்தில் கத்தினார். "தம்பி, சாரத்தைக் கழட்டு. காயத்துக்கு மேல இறுக்கிக் கட்டு."

அந்த மனிதர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "அங்க ஒரு நோனா நிக்கிறாங்களே."

உயிர் போகிற நேரத்தில் வெட்கம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. திரும்பி நின்றேன்.

"நோனா திரும்பிட்டாங்க தம்பி. கட்டு. இன்னும் இறுக்கு. அமத்திப் பிடி. சரி, உனக்கு எத்தனை பிள்ளைங்க? மூத்த பிள்ளையோட பேர் என்ன?"

தொண்டை கட்டிப்போகும்வரை நானா பேச்சை நிறுத்தவேயில்லை. பிள்ளைகள், மாடு, நெல்லின் விலை என்று எதையெல்லாமோ கேட்டார். பதில் வரத் தாமதித்தால் அதட்டினார்.

ஆமிக்காரர்கள் தேடி முடித்தார்கள். இரண்டாவது குண்டு இருக்கவில்லை.

"ஒன்னுமே இல்லையே மிஸ். நான் போயிருக்கலாமே" என்று நானா அழுதார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது நானா அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார். "கிட்ட வர முடியல்ல தம்பி. மன்னிச்சுக்க."

அவர் பாதிக் கண்ணைத் திறந்தார். "பக்கத்துலதானே இருந்தீங்க அண்ணே? பேசிக்கிட்டே இருந்தீங்களே."

அவர் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு எந்த வகுப்பிலும் வெறுமனே காத்திருக்கச் சொல்லி நான் விட்டதில்லை. காத்திருக்கும் நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருக்கச் சொல்வேன்.