கதவு கழற்றிய கொட்டகை

தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்கியபோது காலை ஏழு மணி. என்னோடு பதினாறு மாணவ மாணவிகள், சுருட்டிய ஜமுக்காளம் இரண்டு, ஒரு கரும்பலகை. எழுபதுகளின் கடைசி அது. சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறை ஆசிரியையாக இருந்தேன். கீழத் தஞ்சைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன் என்றதும் எங்கள் முதல்வர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கூலித் தகராறில் குடிசை எரிகிற பக்கமாயிற்றே அம்மா" என்றார். அவருக்கு வீறாப்பாகத்தான் பதில் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் உதறல்தான்.

போகிற காரியம் சிறியது. கொரடாச்சேரியைத் தாண்டி ஒரு கிராமம். அங்கே நடவுக்குப் போகும் பெண்கள் வரப்போரத்து மரத்தில் தூளி கட்டிக் கைக்குழந்தைகளைப் போட்டுவிட்டு வேலை செய்வார்கள். முந்தைய வருடம் தவழ்கிற குழந்தை ஒன்று வாய்க்காலில் விழுந்துவிட்டது. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த யாரோ தூக்கியதால் பிழைத்தது. அதன் பிறகு ஊர் மிராசுதார், வயலுக்கு நடுவே இருந்த தன் பழைய நெல் கொட்டகையைக் குழந்தைகள் காப்பகத்துக்குத் தருவதாகச் சொன்னார். பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பழக்குவதும் கஞ்சிக்கு வழி செய்வதும் எங்கள் பொறுப்பு. மிராசுதாரும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் எங்கள் பயிற்சி முகாமில் ஒன்றாக உட்கார்ந்து சம்மதித்தால் குறுவை நடவுக்குள் திறந்துவிடலாம். இல்லையென்றால் இந்த வருடமும் தூளிதான், வாய்க்கால்தான்.

வாடகை வேன் நூற்றிருபது ரூபாய்க்குப் பேசினோம். ஓட்டுநர் பக்கிரிசாமி பேச்சுக்குத் தனியாகக் காசு கேட்காத மனிதர். அம்மாபேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் நாற்றங்கால்கள். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்திருந்த ஆனி மாதம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"இந்த கேட்ல நின்னு நின்னேதாங்க எனக்கு முடி நரைச்சுது" என்றார் பக்கிரிசாமி. "வெயிலு ஏறுது பாருங்க. தம்பிங்கள்லாம் தலையில துண்டக் கட்டிக்குங்க."

கேட்டருகே விற்றவரிடம் மாணவர்கள் ஆளுக்கொரு துண்டு வாங்கி முண்டாசு கட்டிக்கொண்டார்கள். ஐம்பது காசு காப்பியைக் குடித்துவிட்டு, கிராமத்துப் பையன்கள் ஆகிவிட்டதாக ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். நானும் சிரித்தேன். அந்தத் துண்டுகள் என்ன செய்யப் போகின்றன என்று எனக்கு எப்படித் தெரியும்?

பத்து மணிக்கு ஊர் எல்லையை எட்டினோம். சாலையின் குறுக்கே மாடு பூட்டாத வண்டி ஒன்று நின்றது. அதன் பின்னால் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம்.

"எறங்காதீங்க! வந்த வழியே திருப்பு வண்டிய!"

"இவங்க காலேஜுப் புள்ளைங்கய்யா" என்றார் பக்கிரிசாமி.

"தலையில முண்டாசு, கையில மூட்டை. இதுதான் காலேஜா?"

அப்போதுதான் புரிந்தது. ஊரில் கூலிப் பேச்சு முறிந்திருந்தது. உள்ளூர்க்காரர்கள் வேலைக்கு இறங்காவிட்டால் பண்ணைகள் வெளியூர் ஆட்களை வண்டியில் ஏற்றி வந்து நடுவார்கள். அந்தப் பக்கத்தில் வெட்டும் குத்தும் தொடங்குவதே அப்படித்தான். எங்களை நடவுக்கு வந்த வெளியாட்கள் என்று நினைத்துவிட்டார்கள். முதல்வரின் மூக்குக் கண்ணாடி கண் முன்னால் வந்து போனது.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஜன்னல் வழியே கையை விட்டு ரவி என்ற மாணவனின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையா நாத்து புடுங்கப் போவுது? பேனா புடிச்சாலே கொப்புளம் வந்துடும் போலருக்கே!"

கூட்டம் சிரித்துவிட்டது. வண்டியைத் தள்ளி வழிவிட்டார்கள். ரவிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணின் பெயர் அஞ்சலை. வாய்க்காலில் விழுந்து பிழைத்தது அவள் இடுப்பில் இருந்த அதே பிள்ளைதான்.

"நடவுல குனிஞ்சா மனசு நிக்காதுங்க டீச்சரம்மா" என்றாள். "நாலு முடி நாத்து நடறதுக்குள்ள ஒருக்கா நிமிந்து வரப்பப் பாப்பேன். அதுக்கும் திட்டு வாங்குவேன்."

மாலை நான்கு மணிக்குக் கொட்டகை வாசலில் கூடினோம். மிராசுதார் வெள்ளை வேட்டியில் வந்தார், அவருக்கு முன்னால் அவர் நாற்காலி வந்தது. சங்கத்துக்காரர் கோவிந்தன் சிவப்புத் துண்டோடு வந்தார். ஜமுக்காளத்தில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். தொழிலாளர்கள் உட்காரவில்லை. மிராசுதார் நாற்காலியில் இருக்க, அவர் காலடியில் உட்காருவதில்லை என்று இருந்தார்கள். சமூக ஒருங்கிணைப்பு என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே எல்லோரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் பேசி முடிந்து சாவியில் வந்து நின்றது.

"சாவி என் வீட்ல இருக்கட்டும்" என்றார் மிராசுதார். "காலைல வந்து வாங்கிக்கட்டும், சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடட்டும்."

"போன வருசம் கூலி கேட்டு நின்னப்ப மோட்டார்க் கொட்டாயப் பூட்டுனீங்க" என்றாள் அஞ்சலை. "குடிக்கத் தண்ணி இல்லாம அலஞ்சோம். இனிமே ஒரு தகராறுன்னா இதையும் பூட்டுவீங்க. ஒங்க பூட்டுக்குள்ள எங்க புள்ளைங்கள விட மாட்டோம்ங்க."

"சங்கத்துக்கிட்ட சாவியக் குடுத்தா நாளைக்கே கொடி நட்டுடுவாங்க. நான் பாத்துகிட்டு நிக்கணுமா?"

இரண்டு பேர் பயமும் நியாயமாகவே பட்டது. நடுநிலை என்று நினைத்துக்கொண்டு, "சாவி எங்கள் கல்லூரியிடம் இருக்கட்டுமே" என்றேன்.

"மெட்ராஸ்ல சாவிய வச்சுகிட்டு இங்க புள்ளையத் தூங்க வைக்கறதா டீச்சரம்மா?" என்றார் கோவிந்தன்.

மிராசுதாரும் சேர்ந்து சிரித்தார். இரு தரப்பும் அன்று ஒன்றாகச் செய்த முதல் காரியம் என்னைப் பார்த்துச் சிரித்ததுதான். ஆனால் சிரிப்பு அடங்கியதும் பேச்சு பழையபடி முட்டிக்கொண்டது. மிராசுதார் கோபத்தோடு எழுந்துவிட்டார். முகாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"சாவிதான ஒங்களுக்குப் பிரச்ன? கதவையே கழட்டி எறிஞ்சிடட்டுமா? அப்பத் திருப்திதான?"

"கழட்டுங்க" என்றாள் அஞ்சலை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஊர் முன்னால் சொன்ன வார்த்தையை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் அவர் நின்றார். கதவைப் பார்த்தார். அஞ்சலையின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"கடப்பாறை கொண்டாங்க" என்றார் கடைசியில். "கதவு மட்டும் பத்திரமா என் வீட்டுக்கு வந்து சேரணும். பர்மா தேக்கு."

கோவிந்தனும் பண்ணையாட்களும் சேர்ந்தே கதவைக் கழற்றினார்கள். திறந்த வாசல் வழியாக முதலில் தத்தித் தத்தி வெளியே வந்தது அஞ்சலை உள்ளே இறக்கிவிட்ட பிள்ளை. வாய்க்காலை நோக்கித்தான் போனது! ரவி பாய்ந்து தூக்கினான். அதைப் பார்த்த மிராசுதார் தன் கொல்லை மூங்கிலை வெட்டிக்கொள்ளச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு படல் பின்னி வாசலில் கட்டிவிட்டார்கள். வெளிப்புறம் கயிற்று வளையம் ஒன்று. எந்தத் தெருக்காரரும் ஒரு விரலால் எடுத்துவிடலாம். குழந்தைகளுக்கு எட்டாது, நாயும் நுழையாது. அதைப் பத்துத் தடவையாவது நானே திறந்து மூடிப் பார்த்தேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

மறுநாள் காப்பகப் பெண்களுக்குப் பயிற்சி நடந்தது. அன்று மாலையே திருவாரூரில் கூலிப் பேச்சும் ஒருவழியாக முடிந்தது. நாங்கள் கிளம்பிய காலையில் வயலில் நடவு.

வேனில் ஏறும்போது சென்னையில் என் வீட்டு நினைவு வந்தது. கதவுக்கு இரண்டு பூட்டு, மாடிப்படி இறங்கியதும் திரும்பி ஏறிப்போய் ஒருமுறை இழுத்துப் பார்க்கிற வழக்கம். அப்படியும் பஸ்ஸில் பாதி வழி சந்தேகமாகவே இருக்கும்.

கொட்டகையைக் கடக்கையில் வேன் மெதுவாகப் போனது. படல் சாத்தியிருந்தது, உள்ளே தூளிகள் ஆடின. அப்பால் வயலில் வரிசையாகக் குனிந்திருந்த பெண்களில் அஞ்சலையை அடையாளம் கண்டு, "ஒரு ஹாரன் அடிங்க" என்று பக்கிரிசாமியிடம் சொன்னேன். அவர் நீளமாகவே அடித்தார்.

ஒரு முடி, இன்னொரு முடி என்று நட்டுக்கொண்டே போனாள். நிமிரவே இல்லை.