கதவோடு நின்ற கோடு

சிறுசேரியில் மகன் வீட்டு மாடியில் உட்கார்ந்தால் சாலை தெரியும். காலையில் அலுவலகங்களுக்குப் போகும் கார்களை எண்ணுவேன். ஐம்பது எண்ணினால் அதில் நாற்பதுக்கு மேல் வெள்ளை. பக்கவாட்டில் பார்த்து எது என்ன வண்டி என்று சொல்ல முடியாது. எல்லாம் பாதி கரைந்த சோப்புக் கட்டிகள். காற்று வழுக்கிப் போக வேண்டும், பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்கிறான் மகன். வண்டியை ஒருவன் நின்று பார்க்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை.

எழுபதுகளில் எனக்குச் செங்கல்பட்டில் வீடு, கல்பாக்கத்தில் வேலை. வரைபடம் போடுகிறவன். நாள் முழுக்கக் குழாய்கள்தான்: நேர்கோடு, மூலை, மறுபடி நேர்கோடு. எங்களை ஏற்றிப் போகும் பஸ் ஊர் எல்லையில் ஓர் அரிசி ஆலையைத் தாண்டும். ஆலைக்காரரிடம் பழைய அமெரிக்கத் திறந்த கார் ஒன்று இருந்தது. அவருடைய தகப்பனார் காலத்தில் வாங்கியது. கொட்டகைக்குள் பின்பக்கமாக விட்டு நிறுத்தியிருப்பார். பின்பாதி நெல் மூட்டைகளுக்கு நடுவே மறைந்திருக்கும், முன்பாதி வெளியே நிற்கும்.

நிறத்தைப் பச்சை என்று சொல்லிவிட முடியாது. மார்கழியில் வேடந்தாங்கல் ஏரித் தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படி. முகப்பில் குரோமியப் பற்கள் பதினேழு. விளக்குகள் நான்கு, இரட்டை இரட்டையாக. அந்த விளக்குகளின் நெற்றியிலிருந்து ஒரு கோடு கிளம்பும். பானெட்டின் விளிம்போடு ஓடிவந்து, கதவுக்கு மேலே இலேசாகத் தாழும். அந்தத் தாழ்வில்தான் என் மனம் போய் விழுந்தது. இவ்வளவு தாழ்கிற கோடு எங்கோ எழ வேண்டும். ஆனால் தாழ்ந்த இடத்தில் மூட்டை அடுக்கு தொடங்கிவிடும்.

அலுவலகத்தில் வீணான தாள்களின் பின்புறத்தில் அதை வரைவேன். வளைவுகள் வரைய எங்களிடம் இருந்த அட்டைகளில் ஒன்றுகூட அந்தத் தாழ்வுக்குப் பொருந்தவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் நண்பன் கேட்பான்: "இன்னா மச்சான், நேத்து வந்தாளா வெளிய?" வரமாட்டாள். கல்யாணங்களுக்கு மட்டும்தான் அந்தக் காரை எடுப்பார்கள்.

எனக்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பெண் நிச்சயமானது. பெண்ணின் தகப்பனாருக்குச் சொந்தமாகப் படகு உண்டு. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார், அது ஒன்று போதும் என்றேன். தங்கமான மாப்பிள்ளை என்று பேசிக்கொண்டார்களாம்.

அழைப்பு அன்று பொழுது சாயும் நேரத்தில் அம்மன் கோயில் வாசலில் கார் வந்து நின்றது. சுற்றிலும் ஒரே கூட்டம். மடக்கிய கூரையின் மேல் பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைத்து மாலையைப் போட்டார்கள். கார் நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரே இந்த வண்டியைப் பார்க்கப் போகிறது. பார்க்க முடியாத ஒரே ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கும் நான்.

பாதித் தெரு வரை பொறுத்தேன். மணலில் கார் ஊர்ந்துதான் போனது. கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். டிரைவரிடம், "நிறுத்தாத, நீ பாட்டுக்குப் போ" என்றேன். ஐந்தாறு அடி ஓரமாகத் தள்ளி நின்றேன்.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கார் என் எதிரே நகர்ந்தது. பற்கள் போயின. விளக்குகள் போயின. கோடு கிளம்பி, பானெட்டைக் கடந்து, கதவின் மேல் தாழ்ந்தது. இதோ எழப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் எதிரே ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றது. பெண்ணின் தாய்மாமன். கரையில் மீன் ஏலம் விடுகிறவர். உடம்பும் குரலும் அந்தத் தொழிலுக்கு ஏற்றவை.

"இன்னா மாப்ள, நடுத்தெருவுல எறங்கிட்டீங்கோ? இன்னா கொற வெச்சோம்?"

"கொற ஒண்ணும் இல்லீங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"தள்ளி நிக்கணுமா?" அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பொண்ணுக்குத் தாய்மாமன் நானு. என்னையே தள்ளி நிக்கச் சொல்றாரு, பாத்துக்கோங்க."

மேளம் நின்றது. மாப்பிள்ளை முறுக்கு என்று யாரோ சொன்னார்கள். மோதிரம் கேட்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். "மோதிரமா? காரு கேக்கறாராம்டி" என்றாள் இன்னொருத்தி. "வண்டியப் பாக்கத்தான் எறங்கினேன்" என்றேன். என் நண்பனைத் தவிர யாரும் அதை நம்பவில்லை. அவனும் சிரித்துக் கெடுத்தான். அதற்குள் பெண்ணின் தகப்பனார் வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் துண்டைப் பார்த்த பிறகு எனக்குக் கோடும் இல்லை, வளைவும் இல்லை. ஓடிப்போய்க் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

பெண் வீட்டு வாசலில் இறங்கியதுமே ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். காலையில் வெளியே வந்து பார்த்தால் மணலில் டயர்த் தடம்தான் இருந்தது. "நடுத்தெருவில் இறங்கின மாப்பிள்ளை" கதை எனக்கு முன்பே செங்கல்பட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆலைப் பக்கம் தலைகாட்ட வெட்கம். வெட்கம் தெளிவதற்குள் ஆலைக்காரர் வண்டியை விற்றுவிட்டார், யாரோ மெட்ராஸ்காரருக்கு. கல்யாணப் போட்டோக்கள் பதினொன்று. பதினொன்றும் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை.

என் மனைவி அன்றைக்கு மெத்தை வீட்டு மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆசையோடு கேட்டேன். "பின்னாடி அந்த வளைவு எப்படிம்மா எழும்பிச்சு?"

"இன்னாத்த எழும்பிச்சு? வண்டி வந்துகினு இருந்துச்சு. சீட்டு காலியா கீது. அத்தத்தான் பாத்தேன். ஆளு என்னிய வேணாம்னு எறங்கிப் பூட்டாருன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தாளை விரித்துக்கொண்டு உட்காருவேன். முன்பாதி கண்ணை மூடிக்கொண்டாலும் வரும். கதவுக்கு அப்பால் பென்சில் போகாது. கோட்டை எழுப்பிப் பார்ப்பேன், அழிப்பேன், இன்னும் கொஞ்சம் எழுப்பிப் பார்ப்பேன். ஒருநாள் அவள் வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். காரின் நடுவே நான் வெறுமையாக விட்டிருந்த இருக்கையில் விரலை வைத்தாள்.

"மொதல்ல ஆளப் போடுங்க."

"நான் ஏறி உக்காந்தா கோடு மறைஞ்சிடும்" என்றேன்.

"மறையட்டும்" என்றாள்.