அறுபத்தொரு சதவீதம்

காலை எட்டு இருபது. சமயநல்லூரில் நண்பன் வீட்டு வாசலில் முதலில் பார்த்தது ஈரச் சாக்குகளை. வாழையிலைக் கட்டுகளை மூடிக் கொண்டுபோகும் சாக்குகள் அவை. வண்டியின் பக்கப் பலகைகளில் காயப்போட்டிருந்தான். அவற்றிலிருந்து சொட்டிய தண்ணீர், சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. அங்கே சைலன்சர் இல்லை.

நான் வேலை பார்க்கும் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு பேட்டரி சரக்கு வண்டிகளைப் பற்றி அரைப் பக்கம் எழுத வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒன்றை வாங்கியிருந்தவன் இவன் மட்டும்தான். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். குறிப்பேட்டில் பார்த்ததை எழுதிக்கொண்டேன். பின்தட்டு என் இடுப்பு உயரம். கயிறு கட்டப் பக்கத்துக்கு நான்கு கொக்கி. டீசல் வாடை இல்லை, இலை வாடைதான். திரையில் 61.

"விடியமுன்ன நூறோட கிளம்புனேன். மாட்டுத்தாவணியில லோடு இறக்கிட்டு வந்தா அறுபத்தொன்னு. கிலோமீட்டருக்கு ஒன்னுன்னு வச்சுக்க," என்றான். "முத வாரம் சாவியத் திருப்பிட்டு, ஓடுதா இல்லையான்னு இறங்கி இறங்கிப் பாத்தேன் மாப்ள."

"வீட்டு பிளக்குல எம்புட்டு நேரம்?"

"எட்டு மணி நேரம். இப்ப சொருகினா சாயங்காலம் நெறஞ்சிரும். பெட்ரோல் பங்குல இருக்குற பெரிய சார்ஜர் இதுக்குச் சேராது. அது கார்க்காரங்களுக்கு." எதிர் டீக்கடைக்காரர் தினமும் தன்னிடம் "வண்டி சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதாகச் சொல்லிச் சிரித்தான்.

கேபிளைக் கையில் எடுத்தபோது போன் வந்தது. எட்டு முப்பத்தைந்து. கேட்டுவிட்டு கேபிளைச் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தான். டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில் உள்ள ஊரில் கட்டிக்கொடுத்த அவன் அக்கா, விடியற்காலையில் இறந்துவிட்டாள். நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தவள். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி போக வேண்டும். புதுச் சேலை. உடன்பிறந்தவன் அதை அவள் மேல் விரித்த பிறகுதான் எடுப்பார்கள். அவன் அவள் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும் அப்போதுதான். தாய் தகப்பன் இல்லை. வேறு சகோதரர்களும் இல்லை. கோடியைக் கொண்டுபோக வேண்டியவன் இவன் ஒருவன்தான்.

"கார் ஒன்னு பேசவா?" என்றேன்.

"வேணாம். வண்டி வாங்கி ரெண்டு மாசமாச்சு. அக்காகிட்ட இன்னும் காட்டல. இதுலதான் போறேன்." பிறகு கணக்குப் போட்டான். "பழங்காநத்தத்துல சின்னம்மாவ ஏத்திக்கிட்டு, அங்கயே சேலை எடுத்துட்டுப் போனா அறுபது கிலோமீட்டரு. அறுபத்தொன்னு இருக்கு. பத்தலேனா கல்லுப்பட்டியில நம்மாளு மாவு மில்லு இருக்கு. அரை மணி நேரம் சொருகுனாப் போதும்."

ஐந்து பேர் என்று புறப்பட்டது, பழங்காநத்தத்தை விட்டுக் கிளம்பும்போது பதினொரு பேர். வழியில் உறவுக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் யாராவது வாசலில் நின்றார்கள். "பின்னாடி காலியாத்தான கெடக்கு" என்று சொல்லி ஏறினார்கள். இழவுக்குப் போகும் வண்டியில் இடமில்லை என்று யாரும் சொல்வதில்லை. அவனும் சொல்லவில்லை. சரக்கு வண்டியில் ஆளேற்றக் கூடாது. ஆனால் இந்தப் பக்கத்தில் கேதத்துக்குப் போகிறவர்களை யாரும் நிறுத்திக் கேட்பதும் இல்லை. துணிக்கடை திறந்தது ஒன்பதரைக்கு. சின்னம்மா அரக்குக் கலரில் ஒரு சேலையை எடுத்தார். "அவளுக்கு இந்தக் கலருதான்டா எடுக்கும்" என்றார். கடைக்காரர் கட்டைப்பையில் போட்டுக் கொடுத்தார். பையை என் மடியில் வைத்தார்கள்.

பத்து ஐம்பதுக்குக் கிளம்பும்போது 48. திருமங்கலத்தில் 31. அதற்கு மேற்கே ஒரு மாலை கட்டும் கடையில் அரை மணி நேரம் போனது. அதன் பிறகு எதிர்க்காற்று.

நான் எழுத வந்த கட்டுரைக்கு இந்த வழியில்தான் ஒன்று கிடைத்தது. டீசல் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பெண்கள் அழுதால் முன்னே இருப்பவர்களுக்குக் கேட்காது. எஞ்சின் சத்தம் அதை மூடிவிடும். இதில் சின்னம்மாவின் ஒப்பாரி சொல் சொல்லாகக் கேட்டது. அக்காவுக்குப் பத்து வயதில் அம்மை போட்டது, இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, எல்லாம் அதில் வந்தது. பேருந்து நிறுத்தங்களில் நின்றவர்கள் வண்டியைப் பார்க்குமுன் அழுகைச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார்கள். அவன் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான்.

கல்லுப்பட்டி மாவு மில் வாசலில் பன்னிரண்டு நாற்பது. திரையில் 9. மில் ஓடவில்லை. உள்ளே நாலைந்து தூக்குச் சட்டிகள் வரிசையில் இருந்தன. ஆட்கள் இல்லை. மில்காரர் பனியனோடு வெளியே வந்தார்.

"கரண்டு ஒன்பது மணிக்கே போயிருச்சுண்ணே. மாசாந்திர வேலை. அஞ்சு மணிக்குத்தான் வரும். பேப்பர்லயே போட்டிருந்தாங்களே."

அந்த நேரம் நண்பனின் போன் அடித்தது. அக்காவின் கணவர். அவர் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"மாப்ள, ஐஸ் பெட்டி ஓடல. ஜெனரேட்டர் கேட்டாப் பக்கத்தூருல கல்யாணத்துக்குப் போயிருக்குங்கிறான். வெயிலு எம்புட்டு அடிக்குதுன்னு தெரியும்ல? மூணு மணி வரை தாங்காது. ஒன்னேகாலுக்கு எடுத்துருவோம்ங்காங்க. எங்க இருக்க?"

"கல்லுப்பட்டி. இந்தா வந்துட்டேன் மச்சான். நான் வராம எடுக்கக் கூடாது."

"நீ வராம எடுப்பமா? வெரசா வா."

மில்காரர் தன் பைக் சாவியை நீட்டினார். "வண்டி இங்கனயே நிக்கட்டும்ணே. பைக்க எடுத்துட்டுப் போங்க. பத்து நிமிசம்."

நண்பன் சாவியைப் பார்த்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தான். பிறகு என் கையில் இருந்த குறிப்பேட்டைப் பார்த்தான்.

"எழுதிக்கிட்டே வந்தேல்ல. சொல்லு. ஏழு கிலோமீட்டரு. போகுமா?"

சமயநல்லூரிலிருந்து எழுதியிருந்த எண்களை வரிசையாகப் பார்த்தேன். பதினாலு கிலோமீட்டருக்குப் பதிமூன்று. பதினேழுக்குப் பதினேழு. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு.

"போகும்," என்றேன்.

சார்ஜ் ஐந்துக்கு இறங்கியதும் திரையில் ஓர் ஆமைப் படம் வந்தது. இரண்டு மாதத்தில் அவனும் அதைப் பார்த்ததில்லை. எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகத்துக்கு மேல் போகவில்லை. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். ஒன்று எட்டுக்கு, திரையில் 3 காட்டிக்கொண்டே வண்டி நின்றது. கருவேலங்காட்டுக்கு நடுவே நேர்ச்சாலை. ஊருக்கு ஒன்றரை கிலோமீட்டர். எங்கள் திசையில் ஒரு வண்டியும் வரவில்லை.

அவன் போன் போட்டான். எதிர்முனையில் பேசியது இம்முறை எனக்குக் கேட்கவில்லை.

"சரி மச்சான். இதுக்கு மேல வைக்க முடியாதுன்னா எடுங்க. பைக்கெல்லாம் தேட வேணாம், நேரா சுடுகாட்டுக்கு வாரேன்."

என்னிடமிருந்த பையை வாங்கிக்கொண்டு ஓடினான். செருப்பு இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றி ரோட்டிலேயே விட்டான். நான் அதைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். பெண்கள் நிழலில்லாத தட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சின்னம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று யாரையோ கேட்டார்.

சுடுகாடு ஊருக்கு அந்தப் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. நான் போனபோது ஒன்று ஐம்பத்தைந்து. வறட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண் மெழுகி முடித்திருந்தார்கள். முகம் இருக்கும் பக்கமும் மூடியிருந்தது. மெழுகியவர் கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

"மூடுனதத் தெறக்கக் கூடாது சாமி," என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கோடிய மேலயே போட்டுருங்க."

அவன் போடவில்லை. அக்காவின் மகன் கொள்ளி வைக்கும்போது கூட்டத்தோடு சேர்ந்து திரும்பிக்கொண்டான். காலில் முள் கிழித்து ரத்தம் வந்திருந்தது. செருப்பை அவன் முன்னால் வைத்தேன். போட்டுக்கொண்டான்.

வண்டியை டிராக்டரில் கட்டி மில்லுக்கு இழுத்து வந்தோம். மின்சாரம் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு வந்தது. மில் ஓடத் தொடங்கியது. அவன் கேபிளைச் சொருகிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்தான். சேலைப் பை டேஷ்போர்டில் இருந்தது. ஊர் திரும்புவதற்காக நானும் மற்றவர்களும் ஏழு மணிப் பேருந்தில் ஏறினோம்.

மறுநாள் அலுவலகத்தில் பழைய இதழ்க் கட்டிலிருந்து முந்தைய நாள் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் பக்கத்தில், கீழே, 'இன்றைய மின்தடை' என்ற சிறிய கட்டத்தில் செய்தி இருந்தது. கல்லுப்பட்டி துணைமின் நிலையம், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மின்வாரியம் அனுப்பியதில் மின்தடை உள்ள ஊர்களின் பட்டியல் நான்கு வரி நீளமாக இருந்தது. இடம் போதாததால் அதை வெட்டி, 'மற்றும் சுற்றியுள்ள கிராமங்கள்' என்று முடித்து அச்சுக்கு அனுப்பியவன் நான்.