நான் சொன்ன ‘விடு’

பத்து வருடங்களுக்கு முன், எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம். போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே எங்களுக்கு இருந்த சிறிய ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் பழைய ஸ்டோரை இடித்துக்கொண்டிருந்தோம். ஓடுகளையும் கதவுகளையும் இறக்கியாகிவிட்டது. மிச்சம் உத்தரங்கள்தான்.

போடியிலிருந்து வந்த கொத்தனார் சுவர் மேல் நின்றார். அவர் இடுப்பில் கட்டிய கயிறு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பலாமரத்தைச் சுற்றிப் போயிருந்தது. அதன் நுனியைப் பிடித்திருந்தவருக்குச் சுவர் மறைத்தது. குரல் கேட்டுத்தான் வேலை. ‘இழு’ என்றால் இழுப்பார், ‘விடு’ என்றால் தளர்த்துவார்.

கடைசி உத்தரம் அசையவில்லை. கொத்தனார் கயிற்றில் சாய்ந்தபடி கடப்பாரையால் நெம்பினார்.

“அண்ணே, இது ஒங்க மச்சினன் மாதிரி. வந்தா கெளம்பவே மாட்டேங்குது!”

எனக்கும் சிரிப்பு. வெயில் வேறு ஏறிவிட்டது. “விடுப்பா! சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம்” என்று உரக்கச் சொன்னேன்.

கயிறு தளர்ந்துவிட்டது. கொத்தனார் கற்குவியலில் இடுப்பு அடிபட விழுந்தார்.

ஓடிப்போய் அவரைத் தூக்கி உட்காரவைக்கப் போனேன். “தூக்காதீக!” என்று ஒரு சத்தம். பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

“எங்க வீட்டுக்காரர இப்படித்தான் தூக்கி ஒக்கார வச்சாக. இன்னைக்கு வரைக்கும் எந்திரிக்கல. கதவக் கொண்டாங்க, வெரசா!”

கழற்றிவைத்த கதவில், உடம்பு வளையாமல் நான்கு பேர் அவரை நகர்த்தினோம். இரண்டு பக்கமும் சாக்கைச் சுருட்டி அண்டக் கொடுத்து, துண்டுகளால் கட்டச் சொன்னார் அந்த அம்மா. கதவோடு ஜீப்பில் ஏற்றிப் போடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஊர்ந்துதான் திரும்பினார்.

“அண்ணே, கால் இருக்கா?” என்றார் கொத்தனார்.

“இருக்குப்பா.”

“தொட்டுச் சொல்லுங்க.”

தொட்டேன். “தெரியுதுண்ணே” என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இடுப்பெலும்பில் விரிசல். வளைக்காமல் கொண்டுவந்ததால் பிழைத்தார், நடந்துவிடுவார் என்றார் டாக்டர். கயிறு பிடித்தவர் தன் தப்பு என்று வெளியே அழுதுகொண்டிருந்தார். “ஒன் தப்பு இல்லப்பா, என் வாய்தான்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அந்த உத்தரத்தை நான் தொடவே இல்லை. அடுத்த மாசியில் கொத்தனாரே லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். சுவரில் ஏறும் முன், “அண்ணே, நான் எறங்குற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உத்தரம் இறங்கியது. அவரும் இறங்கினார்.

இந்த மாதம் என் மகன் கட்டட வேலையில் மேற்பார்வைக்குச் சேர்ந்திருக்கிறான். எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ‘கயிறு பிடிப்பவரிடம் ஒரு வார்த்தையை முன்பே பேசி வைத்துக்கொள். சாதாரணப் பேச்சில் யாரும் சொல்லாத வார்த்தையாக இருக்கட்டும்’ என்று அவனுக்குக் கடிதம் எழுதினேன். நானோ, இன்றும் யாரையாவது தேற்றும்போது நாக்கு நுனிவரை வரும் ‘விடு’வை விழுங்கிவிட்டு, “பரவாயில்லப்பா” என்றுதான் சொல்கிறேன்.